பிராசஸர் அருகே ஏன் இத்தனை மாஸ்பெட்கள்?

கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பார்த்திருக்கிறீர்களா? பிராசஸர் ஃபேனுக்குப் பக்கத்தில் கறுப்பு நிறச் சிறு சதுரங்கள் வரிசையாக இருக்கும். சில போர்டுகளில் அவற்றின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் மூடியிருக்கும். இவைதான் மாஸ்பெட்கள். டிரான்சிஸ்டரில் இது ஒரு வகை. அருகில் இருக்கும் சாம்பல் நிறக் கட்டிகள் இன்டக்டர்கள். கடைகளில் சோக் என்பார்கள். எல்லா மாஸ்பெட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, ஒன்று போதாதா என்று தோன்றும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். பிராசஸருக்குத் தேவையோ 1.3 வோல்ட் அளவுதான். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 65 வாட் பிராசஸர் என்றால் 50 ஆம்பியர்! உங்கள் குளியலறையில் உள்ள 2 கிலோவாட் கீசர்கூட 9 ஆம்பியருக்கு மேல் எடுப்பதில்லை. 2004-ல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4-ல் 103 வாட் மாடல்களும் இருந்தன. அவற்றுக்கு 80 ஆம்பியர் வரை தேவைப்பட்டது.

12 வோல்ட் எப்படி 1.3 ஆகிறது? மாஸ்பெட் ஒரு சுவிட்ச் போல நொடிக்குச் சில லட்சம் முறை ஆன், ஆஃப் ஆகிறது. ஆன் ஆகும்போது இன்டக்டரில் கரன்ட் ஏறும். ஆஃப் செய்தாலும் இன்டக்டர் கரன்ட்டைச் சட்டென்று நிற்க விடாது. இரண்டாவது மாஸ்பெட் வழியாக அது தொடர்ந்து ஓடும். சைக்கிளில் ஒரு மிதி மிதித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து போவதைப் போலத்தான். மொத்த நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் மிதித்தால் போதும், 1.3 வோல்ட் வந்துவிடும்.

இனி இணைப்பு விஷயம். ஆன் நிலையில் மாஸ்பெட்டுக்குள் 5 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆம்பியர் ஓடினால் 4.5 வாட் வெப்பம். விரல் நகம் அளவுள்ள பாகத்துக்கு இது மிக அதிகம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் ஆளுக்கு 15 ஆம்பியர், ஆளுக்கு 1.1 வாட். கரன்ட் பாதியானால் வெப்பம் கால் பங்காகிறது.

பழைய பைபோலார் டிரான்சிஸ்டர்களில் இது அவ்வளவு சுலபமல்ல. சூடானால் அது இன்னும் அதிக கரன்ட்டை இழுக்கும், அதனால் இன்னும் சூடாகும், கடைசியில் எரியும். ஒவ்வொன்றின் எமிட்டரிலும் சிறு ரெசிஸ்டர் போட்டுத்தான் அடக்க வேண்டும். மாஸ்பெட் இதற்கு நேர் எதிர். சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரன்ட் தானாகப் பக்கத்து மாஸ்பெட்டுக்குப் போகும்.

அப்படியானால் எதையும் எதோடும் இணைக்கலாமா? கூடாது. அந்தச் சமாதானமெல்லாம் முழுதாக ஆன் ஆன பிறகுதான். ஆஃப் ஆகும் கணத்தில் கதை வேறு. எது கடைசியாக ஆஃப் ஆகிறதோ, அதன் தலையில்தான் இன்டக்டரின் மொத்த கரன்ட்டும் விழும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். இன்ஜினியரிங் படித்தபோது வீட்டு யுபிஎஸ் பழுதானது. உள்ளே பக்கத்துக்கு மூன்று மாஸ்பெட்கள். ஒன்று ஷார்ட் ஆகியிருந்தது. அதே நம்பர் கிடைக்கவில்லை. அதிக ஆம்பியர் தாங்கும் வேறொன்றைப் போட்டேன். பல்பு எரிந்தது, மகிழ்ச்சி. கம்ப்யூட்டரை மாட்டிய பத்தாவது நிமிடம் புகை வந்தது. புதியதற்கு ரெசிஸ்டன்ஸ் குறைவு, எனவே அதிக கரன்ட்டை அதுவே இழுத்தது. ஆஃப் ஆவதிலும் அது தாமதம். டிரான்ஸ்பார்மர் சுருளும் ஒரு இன்டக்டர்தானே! கடைக்கே கொடுத்திருக்கலாம் என்றார் அப்பா. மறுமுறை மூன்றையும் ஒரே நம்பரில், ஒரே கடையில் வாங்கி மாற்றினேன். ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனியாக இருந்த சிறு ரெசிஸ்டர்களையும் சோதித்தேன். ஒன்று போயிருந்தது. அந்த ரெசிஸ்டர்கள்தான் மாஸ்பெட்கள் ஒன்றையொன்று சீண்டி அலைவு கிளப்பாமல் தடுப்பவை. அதன்பின் பிரச்சினை வரவில்லை.

மதர்போர்டு தயாரிப்பாளர்கள் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். மாஸ்பெட் ஜோடி ஒவ்வொன்றுக்கும் தனி இன்டக்டர் கொடுத்து, முறை வைத்து மாற்றி மாற்றி ஆன் செய்வது. இதற்கு ஃபேஸ் என்று பெயர். ஒவ்வொரு ஃபேஸின் கரன்ட்டையும் கன்ட்ரோலர் சிப் அளந்து சமன் செய்யும். ஆனால் பெட்டியில் 16 ஃபேஸ் என்று போட்டிருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். சில போர்டுகளில் ஒரே சிக்னலில் இரண்டை இணைத்துவிட்டு இரண்டாக எண்ணுவார்கள். அதிக வாட் பிராசஸர் போடப் போகிறீர்கள் என்றால் போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள பிராசஸர் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. மாஸ்பெட் மேல் ஹீட்சிங்க் இருப்பதும் நல்லது.

யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் இரண்டையும் நீங்களே திறக்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்த கெப்பாசிட்டர் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். சர்வீஸ்காரர் யுபிஎஸ்ஸில் ஒரு மாஸ்பெட் போயிருக்கிறது என்றால், அந்த வரிசை முழுவதையும் ஒரே நம்பரில் மாற்றச் சொல்லுங்கள். கேட் ரெசிஸ்டரைப் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.