வாந்தி தடுக்கும் மருந்தும் அதன் பக்க விளைவுகளும்

வாந்தி தனியொரு நோயன்று. உடலில் வேறெங்கோ நேர்ந்த கோளாற்றின் அறிகுறியே ஆகும். குருதியில் கலந்துவரும் நச்சுப்பொருள்களை உணரும் சிறு பகுதி ஒன்று மூளையின் முகுளத்தில் உள்ளது. அது தூண்டப்படுங்கால் குமட்டலும் வாந்தியும் எழுகின்றன. இத்தூண்டுதலில் பங்குகொள்ளும் இரசாயனப் பொருள்களுள் டோபமைன் ஒன்று. 1964-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விவரித்த மெட்டோக்ளோப்ரமைடு என்னும் மருந்து, டோபமைனின் செயலைத் தடுத்து வாந்தியை அடக்குகிறது. இரைப்பை விரைவில் காலியாகவும் உதவுகிறது.

காரணம்

டோபமைனின் வேலை வாந்தியோடு முடிவதில்லை. தசைகளின் இயக்கத்தைச் சீர்படுத்தும் மூளைப் பகுதிகளுக்கும் அது இன்றியமையாதது. மருந்து இவ்விரண்டையும் பிரித்தறியாது. ஆகவே சிலருக்குத் தசை இயக்கம் குலைகிறது.

விளைவுகள்

தூக்கக் கலக்கம், சோர்வு, அமைதியின்மை ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. தூக்கக் கலக்கம் உள்ளோர் வண்டி ஓட்டலாகாது.

சிறுவரிடமும் இளைஞரிடமும் மிகுதியாகத் தோன்றுவது தசை முறுக்கம். மருந்து தொடங்கிய ஓரிரு நாள்களுக்குள் கழுத்து ஒருபுறம் திருகும், விழிகள் மேல்நோக்கி நிலைக்கும், தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும். ஆயினும் நினைவு தவறுவதில்லை. காண்போர் இதனை வலிப்பென்றோ பேய்க்கோளாறென்றோ கருதி, மருத்துவமனைக்குச் செல்லாது காலத்தை வீணாக்குவதுண்டு. தக்க மாற்று மருந்தை ஊசிவழிச் செலுத்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முறுக்கம் தணியும்.

நெடுநாள் உட்கொள்வோருக்கு வாய், நாக்கு, முகம் ஆகியவை தாமே அசையும் கோளாறு உண்டாகலாம். மருந்தை நிறுத்திய பின்னரும் அது நீங்காதிருக்கலாம். இதுபற்றியே 12 வாரங்களுக்கு மேல் கொடுப்பதைத் தவிர்க்குமாறு அமெரிக்க அரசு 2009-இல் எச்சரித்தது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013-இல், 5 நாள்களுக்கு மேற்படாமலும், 1 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அறவே கொடாமலும் இருக்கப் பரிந்துரைத்தது.

ஆன்டான்செட்ரான் வேறு வழியில் செயற்படுவதால் அதில் தசை முறுக்கம் அரிது. தலைவலியும் மலச்சிக்கலும் உண்டாகலாம். எனினும் அதுவும், டாம்பெரிடோன் என்பதும், சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக் கூடும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

1. கழுத்தோ விழியோ திருகிய குழந்தையைக் கண்டால், முன் இரு நாள்களில் கொடுத்த மருந்துகளைக் கேட்டறிக.

2. அடுத்த வேளை மருந்தை நிறுத்தி, மருந்துச் சீட்டுடனும் புட்டியுடனும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. மூச்சுத் திணறல் இருப்பின் நொடியும் தாமதிக்கலாகாது.

3. விழுங்க இயலாத நிலையில் வாய்வழி எதுவும் புகட்டற்க.

4. பெரியோருக்கு எழுதிய மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்தலும், மிஞ்சிய மருந்தை மறுமுறை பயன்படுத்தலும் தகாதென எடுத்துரைக்க.

5. வயிற்றுப்போக்கோடு வாந்தியும் உள்ள குழந்தைக்கு முதற்கண் வேண்டுவது உப்புச் சர்க்கரைக் கரைசல். அதையும் வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்துச் சிறு கரண்டியால் மெல்ல மெல்லப் புகட்டலாம்.

மருத்துவர் குறித்த அளவிலும் காலத்திலும் கொள்ளப்படும்போது இம்மருந்து பெரும்பாலோருக்கு நன்மையே செய்கிறது. அதன் தீங்கை முன்னரே அறிந்திருப்பவர், அது நேரும்போது அஞ்சாமல் உரிய உதவியை விரைந்து நாட இயலும்.