ஹாங்காங்கின் அரசினர் ஆங்கிலப் பள்ளிகள்

முன்னுரை

ஒரு பள்ளிக்கூடம் யாருக்காகத் திறக்கப்பட்டது? எதற்காகத் திறக்கப்பட்டது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், அந்த ஊரின் வரலாறே நமக்கு விளங்கிவிடும். சீனாவின் தென்கரையில் உள்ள ஹாங்காங் நகரில் ஆங்கிலேயர் ஆண்பிள்ளைகளுக்கென நடத்திய அரசினர் ஆங்கிலப் பள்ளிகளின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

பள்ளி தோன்றிய வரலாறு

முதல் அபினிப் போரில் சீனா தோல்வியுற்றது. 1842-ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. துறைமுகம் வளர்ந்தது, கப்பல்கள் குவிந்தன. ஆள்பவர் பேசியது ஆங்கிலம். மக்கள் பேசியதோ சீனம். இரு சாராருக்கும் இடையே நின்று பேசவும் எழுதவும் வல்ல மொழிபெயர்ப்பாளரும் எழுத்தரும் அரசுக்கும் வணிகருக்கும் பெரிதும் தேவைப்பட்டனர்.

அப்போது ஜேம்ஸ் லெக் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுச் சமயத் தொண்டர் ஒரு யோசனை கூறினார். சீனரின் பழம்பெரும் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பேரறிஞர் இவர். அரசின் உதவி பெற்று வந்த சிறு சீனப் பள்ளிகளை ஒன்றுசேர்த்து, ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு பெரிய பள்ளியை நிறுவ வேண்டும் என்பதே அவர் திட்டம். அதன்படி 1862-ல் காஃப் தெருவில் 'சென்ட்ரல் ஸ்கூல்' திறக்கப்பட்டது. அதன் முதல் தலைமையாசிரியர் பிரடெரிக் ஸ்டூவர்ட். பதவி ஏற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான்!

தாய்மொழியா, ஆங்கிலமா?

சிறுவர்கள் சிறிது ஆங்கிலம் பேச வந்தவுடனே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குச் சென்றனர். வணிக நிலையங்களிலும் சுங்க அலுவலகங்களிலும் அவர்களுக்கு நல்ல ஊதியம் காத்திருந்தது. பெற்றோரும் அதையே விரும்பினர். ஆனால் ஸ்டூவர்ட் இதை ஏற்கவில்லை. தம் மாணவர்கள் சீனமும் ஆங்கிலமும் ஒருங்கே கற்க வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். நாள்தோறும் இரு மொழிகளுக்கும் நேரம் ஒதுக்கினார்.

1877-ல் ஆளுநராக வந்த ஜான் போப் ஹென்னஸியின் கருத்து வேறு. ஆங்கிலம் பேசும் சீனர் பெருக வேண்டும் என்று அவர் எண்ணினார். அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கே முதலிடம் என்று 1878-ல் முடிவாயிற்று. தாய்மொழியை விட்டுப் பிறமொழி கற்பதா, தாய்மொழியோடு பிறமொழி கற்பதா என்ற வழக்கு அன்றே அங்கு எழுந்தது. தாய்மொழி வேர் போன்றது. பிறமொழி கிளை போன்றது. வேரை வெட்டிவிட்டுக் கிளையை வளர்க்க இயலுமா? ஸ்டூவர்ட்டின் வழியே சிறந்தது என்பது என் எண்ணம்.

எழுத்தர் மட்டுமா உருவாயினர்?

எழுத்தர்களை எதிர்பார்த்துத் திறந்த பள்ளியிலிருந்து வேறு பலரும் வந்தனர். இங்குப் பயின்ற ஹோ கை பின்னர் மருத்துவரும் வழக்கறிஞரும் ஆனார். மறைந்த தம் மனைவி ஆலிஸின் நினைவாக 1887-ல் ஒரு மருத்துவமனை எழ உதவினார். பெரும் வணிகரும் கொடையாளருமான ராபர்ட் ஹோ துங்கும் இப்பள்ளி மாணவரே.

இவர்களுள் தலைசிறந்தவர் சன் யாட்-சென். 1884-ல் இப்பள்ளியில் சேர்ந்த இந்த விவசாயி மகன், பின்பு ஹாங்காங்கிலேயே மருத்துவம் பயின்று 1892-ல் தேறினார். 1912 ஜனவரி முதல் நாள் சீனக் குடியரசின் தற்காலிகத் தலைவராகப் பொறுப்பேற்றார். தம் புரட்சிக் கருத்துகள் ஹாங்காங்கில் பிறந்தவை என 1923-ல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றுகையில் அவரே கூறினார். விதைத்தவர் நினைத்தது ஒன்று, விளைந்தது மற்றொன்று!

பள்ளியின் வளர்ச்சி

1889-ல் பள்ளி புதிய பெரிய கட்டடத்துக்கு மாறி 'விக்டோரியா கல்லூரி' எனப் பெயர் பெற்றது. 1894-ல் 'குயின்ஸ் கல்லூரி' ஆயிற்று. 1899-ல் 'மஞ்சள் டிராகன்' என்னும் பள்ளி இதழும் தோன்றியது. நம் ஆண்டு மலருக்கு அது ஒரு மூத்த உறவு அன்றோ! 1926-ல் ஆண்பிள்ளைகளுக்கெனக் 'கிங்ஸ் கல்லூரி' என்னும் மற்றோர் அரசுப் பள்ளியும் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குயின்ஸ் கல்லூரியின் கட்டடம் அழிந்தது. எனினும் 1950-ல் காஸ்வே பே பகுதியில் புதுக் கட்டடத்தில் பள்ளி புத்துயிர் பெற்றது.

பெண்பிள்ளைகள் எங்கே?

இவ்வளவையும் படித்தபோது என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அச்சிறுவர்களின் சகோதரிகள் எங்கே படித்தனர்? அரசு பெண்களுக்கென ஆங்கிலப் பள்ளி தொடங்கியது 1890-ல்தான். ஆண்பிள்ளைகளுக்குக் கிடைத்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து! அப்பள்ளிக்குக் கட்டடம் எழ நன்கொடை அளித்தவர் பெலிலியோஸ் என்னும் யூத வணிகர். அவர் நம் நாட்டுக் கல்கத்தாவில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அப்பள்ளி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

ஆனால் அரசு விழிக்குமுன்பே விழித்தவர்கள் உண்டு. 1860 ஏப்ரலில் இத்தாலியிலிருந்து கனோசா சபை அருட்சகோதரிகள் அறுவர் ஹாங்காங் வந்து இறங்கினர். அடுத்த மாதமே பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். முன்னாள் ஆளுநரின் மகளான எமிலி பௌரிங், தந்தையுடன் தாயகம் திரும்பாமல் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கு ஆங்கிலப் பள்ளியை நடத்தினார். அரசு ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்கு ஈராண்டுகள் முன்பே இது நடந்தது!

முடிவுரை

1997 ஜூலை முதல் நாள் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசினர் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. யாருக்காக என்ற கேள்விக்கு, 'முதலில் ஆண்களுக்கு' என்று விடை சொன்னது அன்றைய அரசு. 'பெண்களுக்கும்' என்று செயலால் சொன்னார்கள் அருட்சகோதரிகள். எதற்காக என்ற கேள்விக்கு விடை, கற்றவர்களின் கையில் இருந்தது. தோழியரே, நம் கல்விக்கும் அவ்விடையை நாமே அல்லவா எழுத வேண்டும்?