பலூன் சிகிச்சை: குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை

நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில், "அத்தாவுக்கு பலூன் வைத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருப்பதை அடிக்கடி காண்கிறோம். உண்மையில் பலூன் உள்ளே தங்குவதில்லை. மணிக்கட்டு அல்லது தொடையின் ரத்தக்குழாய் வழியே அதை இதயம் வரை செலுத்தி, அடைப்புள்ள இடத்தில் சிறிது நேரம் ஊதிவிட்டு, சுருக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே தங்குவது ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய். இந்த வேறுபாடு தெரியாமல், "அடைப்பு நீங்கிவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. அது உயிருக்கே ஆபத்து.

முதல் பலூன் சிகிச்சை 1977 செப்டம்பர் 16-ல் சூரிச் நகரில் நடந்தது. செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற ஜெர்மானிய மருத்துவர். நோயாளிக்கு வயது 38. பலூன் குழாய்களைத் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தே அவர் உருவாக்கிப் பார்த்தார் என்பது பலரும் அறியாத செய்தி. ஆனால் வெறும் பலூனுக்கு ஒரு குறை இருந்தது. விரிந்த குழாய், ரப்பர் போல மீண்டும் சுருங்கும். சுமார் மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அடைப்பு திரும்பியது.

அதற்காக வந்ததே ஸ்டென்ட். 1986-ல் பிரான்சில் முதன்முதலாக மனித இதயக் குழாயில் பொருத்தினார்கள். சுருங்குவது நின்றது, ஆனால் வலையின் உள்ளே சதை வளர்ந்து சிலருக்கு அடைத்தது. அந்த வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை மெதுவாகக் கசியவிடும் ஸ்டென்ட்கள் 2002 முதல் புழக்கத்துக்கு வந்தன. இன்று பெரும்பாலானோருக்கு வைப்பது இதையே.

மருந்து பூசிய பலூன் மற்றொரு வகை. குழாய்ச் சுவரில் சுமார் ஒரு நிமிடம் அழுத்தி மருந்தைச் சேர்த்துவிட்டு வெளியே வந்துவிடும். உலோகம் எதையும் விட்டு வராது. பழைய ஸ்டென்ட்டுக்குள் மீண்டும் அடைப்பு வந்தவர்களுக்கும், மிகச் சிறிய குழாய்களுக்கும் இது நன்கு பயன்படுகிறது. "புதியது, அதனால் சிறந்தது" என்று எல்லோரும் கேட்டு வாங்க வேண்டியதல்ல. சுண்ணாம்பு படிந்து கல்லாக இறுகிய அடைப்பில் எந்தப் பலூனும் எளிதில் விரியாது. அங்கே முதலில் வைரத்துகள் பதித்த சுழல்முனையால் தேய்ப்பார்கள். அல்லது சிறுநீரகக் கல்லை உடைப்பது போல அதிர்வலையால் உடைப்பார்கள். செலவு கூடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மாரடைப்பு நேரத்தில் இதையெல்லாம் விவாதிக்க அவகாசமில்லை. கையெழுத்திட்டு உடனே அனுப்புங்கள். நடந்தால் மட்டும் வலி, உட்கார்ந்தால் சரியாகிறது என்ற நிலையில் பல மாதங்களாக இருப்பவருக்கு, யோசிக்கவும் இன்னொரு மருத்துவரிடம் கேட்கவும் பெரும்பாலும் நேரம் உண்டு. குறிப்பாகச் சர்க்கரை நோயுடன் பல குழாய்களில் அடைப்பு இருந்தால், பைபாஸ் அறுவையே நீண்ட நாள் பலன் தருவதாக 2012-ல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. நகையை அடகு வைக்குமுன் இதைக் கேளுங்கள்.

ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு விதித்தது: சாதாரண வகைக்கு ரூ.7,260, மருந்து கசியும் வகைக்கு ரூ.29,600. பின்னர் தொகை மாறிவந்தாலும் வரம்பு தொடர்கிறது. பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சேர்க்கையின்போதே காட்டிவிடுங்கள்.

ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரினுடன் க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் மாத்திரை பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தேவை. நிறுத்தினால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்துவிடலாம். ரமலான் வருமுன் மருத்துவரைப் பார்த்து வேளைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்; நோன்பு வேண்டாம் என்று அவர் சொன்னால் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. பல் பிடுங்குவதற்கும், ஹிஜாமா செய்துகொள்வதற்கும் முன்பு இம்மாத்திரைகள் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். ரத்தம் எளிதில் நிற்காது.

உதவி கோரி வருவோர் ஆஞ்சியோகிராம் சி.டி., மருத்துவரின் செலவு மதிப்பீடு, குடும்ப அட்டை நகல் ஆகியவற்றுடன் வரவும். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள், அதன் பெயரும் அளவும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்சார்ஜ் தாளையும் கொண்டு வரவும்.