உப்புக்காற்றில் ஓடிய பிக்கப்: துரு நீக்கும் முறைகளும் பெயின்ட் வகைகளும்

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் போன்ற உப்பளப் பகுதிகளில் ஓடும் பிக்கப் வண்டியைத் துரு இரண்டு பக்கமும் அரிக்கிறது. காற்றிலுள்ள உப்பு மேல்தகட்டில் படிகிறது; மூட்டைகளிலிருந்து கசியும் உப்புநீர் லோடு பாடியின் இடுக்குகளில் தேங்குகிறது. மீன் பெட்டி ஏற்றும் வண்டிக்கும், ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீரால், இதே கதிதான். 8 ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டியிருப்பதால், எஃப்.சி.க்கு முந்தைய வாரத்தில் அவசரமாக ஒரு கோட் அடித்துவிடும் வழக்கம் உண்டு. துருவின் மேல் அடித்த அந்தப் பெயின்ட் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளிக்கத் தொடங்கிவிடும். இரும்பைவிட அதன் துரு பல மடங்கு இடம் அடைப்பதால், உள்ளே வளரும் துரு மேலுள்ள பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

எந்த முறை, எந்தப் பெயின்ட் என்பதை முடிவு செய்வது வண்டியின் வயது அல்ல. துரு பிடித்த இடமும் அங்குள்ள இரும்பின் தடிமனும்தான். கேபின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. சேசிஸ் அதைவிடப் பல மடங்கு தடிப்பானது. லோடு பாடி இரண்டுக்கும் இடைப்பட்டது. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் வீட்டில் செய்யும் வேலை பெரும்பாலும் கெடுகிறது.

முதலில் ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். தட்டினால் கணீரென்ற ஓசை வரும் இடத்தில் இருப்பது மேல்துரு. மந்தமான ஓசை வந்து செதில் உதிர்ந்தால் துரு குழி விழுந்து இறங்கியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே போனால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்து வேறு தகடு வைக்க வேண்டும். அதற்கு மருந்து கிடையாது. ஓட்டைக்கு வலை வைத்துப் பட்டி பூசுவது சில மாதத்துக்கு ஓட்டையை மறைக்கும், அவ்வளவே. மெல்லிய தகட்டைச் சாதாரண ஆர்க் வெல்டிங் பொத்துவிடும். கேஸ் வெல்டிங் சூட்டில் நெளித்துவிடும். மிக் வெல்டிங் உள்ள பட்டறையில் அந்தத் துண்டை மட்டும் செய்து வாங்குவதே மேல். சேசிஸில் ஸ்பிரிங் பிராக்கெட் அருகிலோ குறுக்குச் சட்டங்களின் இணைப்பிலோ ஓட்டை தெரிந்தால் வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது பெயின்ட் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

துரு நீக்கும் முறைகளில் எளியது கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷ். செலவு குறைவு, பெயின்டையும் செதிலையும் விரைவாக எடுத்துவிடும். ஆனால் குழிக்குள் இருக்கும் துருவை அது எடுப்பதில்லை. மேலே தேய்த்துப் பளபளப்பாக்கி, சுத்தமான இரும்பைப் போலக் காட்டிவிடும். அதனால் கம்பி பிரஷுக்குப் பின் 80-ஆம் எண் எமரி கொண்டு தேய்ப்பது அவசியம். ஃபிளாப் டிஸ்க் இன்னும் வேகமானது. அந்த வேகமே அதன் ஆபத்தும்கூட: கேபின் தகட்டில் கொஞ்சம் அழுத்தினாலும் நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். அதைச் சேசிஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கம்பி பிரஷிலிருந்து தெறிக்கும் கம்பித் துண்டுகள் கண்ணைக் குறிவைப்பவை. சாதாரணக் கண்ணாடி போதாது, முகத்தை மூடும் கவசம் வேண்டும். பழைய வண்டியின் மஞ்சள், ஆரஞ்சு பெயின்டில் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்புண்டு. எனவே அந்தப் பெயின்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும்.

குழித்துருவை வேரோடு எடுப்பதில் சேண்ட் பிளாஸ்டிங்கை மிஞ்ச எதுவும் இல்லை. சேசிஸுக்கும் லோடு பாடியின் அடிச்சட்டங்களுக்கும் அதுவே முதல் தேர்வு. கதவு, பானெட், மேற்கூரை ஆகியவற்றில் அடித்தால் தகடு நெளிந்துவிடும். பிறகு டிங்கரிங் செலவு துருச் செலவைத் தாண்டும். சாதாரண ஆற்றுமணலைக் கொண்டு அடிப்பவரிடம் வண்டியை விடக் கூடாது. சிலிக்காத் தூசி நுரையீரலில் சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயை உண்டாக்கும். கார்னெட் மணல் பயன்படுத்தும் பட்டறைகள் உண்டு. தென்மாவட்டக் கடற்கரை மணலில் இயற்கையாகக் கிடைக்கும் கனிமம்தான் அது.

ரசாயன முறைகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கிகளும் டானிக் அமிலம் கலந்த துருமாற்றிகளும் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டும் மெல்லிய துருவைக் கரும்படலமாக மாற்றுபவை. செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல் பூசினால் மேற்பரப்பு மட்டும் மாறி அடியில் துரு அப்படியே இருக்கும். கேபினுக்குள் கை போகாத மடிப்புகளுக்கு இவை பொருத்தம். பாஸ்பாரிக் வகையைப் பூசியபின் மிச்ச அமிலத்தைக் கழுவித் துடைத்து உலர்த்தாமல் எபாக்சி பிரைமர் அடித்தால், பிரைமர் இரும்பைப் பிடிக்காது. கழிவறை கழுவும் ஆசிட்டை, அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, மலிவு என்று பயன்படுத்துவோர் உண்டு. துரு கண்முன்னே மறைவது உண்மைதான். ஆனால் அது விட்டுச்செல்லும் குளோரைடு உப்பளக் காற்று செய்த அதே வேலையை மறுபடி தொடங்கிவைக்கும்.

கீல், கொக்கி, பிராக்கெட் போன்ற சிறு பாகங்களைக் கழற்றி, ஒரு பங்கு வெல்லப்பாகுக் கழிவுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த பீப்பாயில் ஊறவிடலாம். ஓரிரு வாரம் பிடிக்கும், நாறும்; ஆனால் நல்ல இரும்பைப் பெரும்பாலும் தொடாமல் துருவை மட்டும் கரைக்கும். அலுமினியப் பாகங்களை அதில் போடக் கூடாது. ஸ்பிரிங் பட்டைகளையும் உயர்வலிமை போல்ட்டுகளையும் எந்த அமிலத்திலும் ஊறவைக்கக் கூடாது. ஹைட்ரஜன் புகுந்து அவற்றை முறியச் செய்யும்.

எந்த முறையானாலும் கடற்கரை வண்டிக்குத் தவிர்க்க முடியாத ஒரு வேலை, இரும்பு தெரிந்தபின் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுவது. கண்ணுக்குத் தெரியாமல் குழிகளில் தங்கும் உப்பு, பெயின்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பேறிய போர்த் தண்ணீரில் கழுவினால் பயனில்லை. கழுவியதும் துணியாலும் காற்றாலும் உலர்த்தி, அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் பனியில் செம்மை படர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இந்த வேலைக்கு ஆகாது. தை முதல் பங்குனி வரை, வெயில் ஏறிய பின் நிழலில் செய்வது உத்தமம். நேர் வெயிலில் சுடும் தகட்டில் அடித்த பெயின்ட் ஊசித் துளைகளாகப் பொரியும்.

பிரைமரில் பெரும்பாலோர் எடுப்பது ரெட் ஆக்சைடு. மலிவு, பிரஷிலேயே பூசலாம். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ரெட் ஆக்சைடு மட்டும் பூசி மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் உள்ளே துரு மீண்டும் தொடங்கும். இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர் விலை கூடியது, கலந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆனாலும் கடற்கரை வண்டியில் காசை மிச்சப்படுத்தும் இடம் இதுவல்ல. மேல் பெயின்டில் குறைத்துக்கொண்டாவது எபாக்சியை வாங்குவது லாபம். பட்டியும் எபாக்சியின் மேல்தான் போக வேண்டும். பட்டி தண்ணீரை உறிஞ்சும். வெறும் இரும்பின் மேல் வைத்தால் அதன் அடியிலேயே துரு பிறக்கும். லோடு பாடிக்குப் பட்டி வேண்டவே வேண்டாம். முதல் மூட்டை விழுந்ததும் உதிர்ந்துவிடும்.

மேல் பெயின்டுக்கு மூன்று வழி. சின்தெடிக் எனாமல் மெதுவாகக் காயும், காயும்வரை தூசி ஒட்டும். ஆனால் பிரஷுக்கும் ரோலருக்கும் ஒத்துவரும், அடிபட்ட இடத்தில் யார் வேண்டுமானாலும் மறுபடி தொட்டுக்கொள்ளலாம். லோடு பாடிக்கும் சேசிஸுக்கும் இதற்கு மேல் தேவையில்லை. டூகோ என்று பட்டறைகளில் சொல்லப்படும் என்.சி. பெயின்ட் நிமிடங்களில் காய்வதால் தூசி நிறைந்த வீட்டு முற்றத்துக்கு வசதியானது. பல கோட் அடித்து ரப்பிங் போட்டால்தான் மினுக்கும். பெட்ரோல் சிந்தினால் கரையும், வெயிலில் சில ஆண்டுகளில் வெளுக்கும். பழைய எனாமலின் மேல் என்.சி. அடித்தால் அதன் தின்னர் அடிப்பெயின்டைச் சுருட்டி எழுப்பிவிடும். பி.யூ. பெயின்ட் மூன்றிலும் உறுதியானது, பளபளப்பானது. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது, சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அதை ஸ்ப்ரே செய்வது தவறு. கேபினைத் தேய்த்து, பிரைமர் வரை வீட்டில் முடித்துவிட்டு, பி.யூ. கோட்டை மட்டும் பூத் உள்ள பட்டறையில் அடித்து வாங்குவது செலவும் பாதுகாப்பும் ஒத்துப்போகும் வழி.

அடிப்பகுதிக்குத் தார்க்கோட்டிங் பிரபலம். புது இரும்பில் அது நல்லதே. பழைய துருவின் மேல் பூசினால் நாளடைவில் வெடித்து, ஈரத்தை உள்ளே பூட்டி வைத்து, துருவைக் கண்ணுக்கும் மறைத்துவிடும். பழைய வண்டிக்கு மெழுகு வகைப் பூச்சு ஏற்றது. ஆண்டுக்கொருமுறை பூச வேண்டும், ஆனால் உள்ளே நடப்பது தெரியும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகளைப் பெயின்டோ பூச்சோ அடைத்துவிடாமல் பார்க்க வேண்டும். கதவுகள் உள்ளிருந்து உளுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அடைபட்ட அந்தத் துளைகள்தான்.

நிறத்தைப் பொறுத்தவரை பழைய நிறத்திலேயே அடிப்பது சிக்கலில்லாதது. ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருப்பதால், மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்தப் பதிவைத் திருத்த வேண்டும். ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. மற்றவர்கள் அடிக்க மோட்டார் வாகன விதிகள் இடம் தருவதில்லை. பெயின்டுக்காக உரித்த ஒளிப்பட்டைகளை மறுபடி ஒட்டிய பிறகே வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோக வேண்டும். எனாமல் அடித்த லோடு பாடி தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிட்டாலும், உள்வரை இறுக இரண்டு வாரமாவது பிடிக்கும். அதற்குமுன் உப்பு மூட்டை ஏற்றக் கூடாது.