செனான் தரும் சேர்மங்கள்

சைதாப்பேட்டை

அன்புத் தம்பிக்கு,

தனிம வரிசை அட்டவணையின் 18ஆம் தொகுதியில் உள்ள ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் ஆகியவை மந்த வாயுக்கள். இவற்றின் வெளிக்கூடு நிறைந்திருக்கிறது: ஹீலியத்தில் 2 எலக்ட்ரான்கள், மற்றவற்றில் 8. அதனால் இவை எதனோடும் சேராது என்றே 1962 வரை பெரும்பாலான வேதியியலர் நம்பினர்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. வில்லியம் ராம்சே 1895இல் அனுப்பிய ஆர்கானை ஆன்றி முவாசான் ஃபுளூரினோடு சேர்த்துப் பார்த்தார், வினை நிகழவில்லை. 1898இல் ராம்சேயும் மாரிஸ் டிராவர்சும் செனானைக் கண்டறிந்தனர்.

வழி திறந்தவர் நீல் பார்ட்லெட். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதை அவர் கண்டார். அந்த மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் சுமார் 12.1 எலக்ட்ரான் வோல்ட். செனானுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக்சிஜன் தந்தால் செனானும் தர வேண்டும் அல்லவா? 1962 மார்ச்சில் பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடின் சிவப்பு ஆவியைச் செனானோடு கலந்தபோது, அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது.

செனான் இணங்குவதற்குக் காரணம் அதன் பருமன். அணு பெரிதாகப் பெரிதாக வெளி எலக்ட்ரான்கள் மீது அணுக்கருவின் பிடி தளர்கிறது. ஹீலியத்தின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 2,372 கிலோஜூல். செனானுக்கு 1,170 மட்டுமே. செனான் ஃபுளூரினோடு சேரும்போது, ஃபுளூரின் மூலக்கூறின் பிணைப்பும் வலுக்குறைந்தது என்பதால் வினை எளிதாகிறது.

நிக்கல் கலத்தில் செனானையும் ஃபுளூரினையும் சூடாக்கினால், வாயுக்களின் விகிதத்தையும் அழுத்தத்தையும் பொறுத்து விளைபொருள் மாறும். செனான் மிகுந்திருந்தால் டைஃபுளூரைடு. 1:5 விகிதத்தில் டெட்ராஃபுளூரைடு. 1:20 விகிதத்தில், உயர் அழுத்தத்தில் ஹெக்சாஃபுளூரைடு. மூன்றும் நிறமற்ற படிகங்கள்.

டைஃபுளூரைடில் செனானைச் சுற்றி 2 பிணைப்பு எலக்ட்ரான் இரட்டைகளும் 3 தனித்த இரட்டைகளும் உள்ளன, மூலக்கூறு நேர்கோடு. டெட்ராஃபுளூரைடு தளச்சதுரம். ஹெக்சாஃபுளூரைடில் எஞ்சும் ஒரு தனித்த இரட்டை எண்முகியை உருக்குலைக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் இவ்வடிவங்களை டி ஆர்பிட்டால்கள் கலக்கும் இனக்கலப்பால் விளக்குகின்றன. இன்றைய விளக்கம் வேறு: நேர்கோட்டில் நிற்கும் மூன்று அணுக்கள் 4 எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன, டி ஆர்பிட்டால்களின் பங்கு மிகக் குறைவு.

நீரில் டைஃபுளூரைடு மெல்லச் சிதைந்து செனான், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஆகியவற்றைத் தரும். ஹெக்சாஃபுளூரைடு முழுமையாக நீராற்பகுப்பு அடைந்தால் செனான் டிரைஆக்சைடு உண்டாகும். உலர்ந்த நிலையில் அது வெடிக்கும். கரிமச் சேர்மங்களில் ஃபுளூரினைப் புகுத்த டைஃபுளூரைடு பயன்படுகிறது.

மற்ற மந்த வாயுக்களைப் பார்த்தால், கிரிப்டானின் டைஃபுளூரைடு அறை வெப்பநிலையிலேயே சிதையும். ரேடானும் ஃபுளூரைடு தரும். அதன் கதிரியக்கத்தால் ஆய்வு கடினம். 2000இல் ஹெல்சின்கியில் ஆர்கான், ஹைட்ரஜன், ஃபுளூரின் சேர்ந்த மூலக்கூறு கடுங்குளிரில் உருவாக்கப்பட்டது. ஹீலியமும் சோடியமும் சேர்ந்த திண்மம் 2017இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் 10 லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்