எறியும் ஈட்டி: ஒரு பொருள், பல பாடங்கள்

போடிநாயக்கனூர்ப் பகுதி மாணவர்களுக்கு வேல் புதிய பொருளன்று. முருகன் கோயில் கருவறையிலும், ஏலத்தோட்டத்திற்குத் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகளின் கண்ணாடியிலும் அதைப் பார்த்தே வளர்கிறார்கள். ஈட்டி எறிதலையோ நீரஜ் சோப்ராவின் வழியாகத் தொலைக்காட்சியில் அறிந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் அவர்களுக்குத் தோன்றும். தமிழ், சமூக அறிவியல், அறிவியல், கணக்கு, உடற்கல்வி ஆசிரியர்கள் கைகோத்து நடத்த ஏற்ற பொருள் இது. 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்கான சில குறிப்புகள் இங்கே தரப்படுகின்றன.

போர்க்களத்தில்

குத்தும் வேல் கையிலேயே இருக்கும். எறியும் வேல் கையை விட்டுப் போய்விடும். இந்த வேறுபாட்டிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். திருக்குறளின் ‘படைச்செருக்கு’ அதிகாரம் இதற்கு நல்ல வாயில். முயலை வீழ்த்திய அம்பைவிட யானைமீது எறிந்து குறி தப்பிய வேலே மேல் என்கிறது 772ஆம் குறள். கைவேலை யானைமீது எறிந்துவிட்டு, தன் உடலில் தைத்த வேலைப் பறித்து மகிழும் வீரனைக் காட்டுகிறது 774ஆம் குறள். “எறிந்த பின் அவன் கையில் என்ன மிஞ்சியது?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு தானே பேசத் தொடங்கும்.

பண்டைய கிரேக்கர்கள் ஈட்டியின் தண்டில் தோல் வாரைச் சுற்றி, அதில் விரலை மாட்டி எறிந்தனர். இதனால் ஈட்டி சுழன்றபடி நிலையாகப் பறந்தது. ரோமானியரின் ‘பீலம்’ எதிரியின் கேடயத்தில் பாய்ந்து சிக்கிக்கொண்டு, அதைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும்.

நம் பக்கத்துக்கு வருவோம். போடிநாயக்கனூரும் மதுரை நாயக்கர் காலப் பாளையங்களுள் ஒன்று. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத் தந்தவர் சிவகங்கைச் சின்னமருது என்று ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னர் அதே மருதுவுக்கு எதிரான போரில் அவர் கலந்துகொண்டார். 1801இல் போர் முடிந்ததும் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது.

தேனி மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு எடுத்தது. அதில் உருவமோ ஆயுதமோ இல்லை. ஊரும் பேரும் ஆநிரைப் பூசலும் எழுத்தாக மட்டுமே உள்ளன. ஆயுதம் ஏந்திய வீரனின் உருவம் பிற்கால நடுகற்களிலேயே வருகிறது.

சிலையிலும் பெயரிலும்

கிரேக்கச் சிற்பி பாலிகிளீட்டஸின் ‘ஈட்டி ஏந்தியவன்’ கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மூல வெண்கலச் சிலை இன்று இல்லை. பளிங்குப் படிகளே எஞ்சியுள்ளன. அவற்றின் கையில் ஈட்டியும் இல்லை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. நம் கோயில்களில் இதற்கு மாறாக, முருகன் உருவம் இல்லாமல் வேலை மட்டும் நட்டு வழிபடும் இடங்களும் உண்டு. இரண்டையும் ஒப்பிடச் சொல்லலாம்.

இயந்திரங்களுக்கும் இந்தப் பெயர் சென்றது. ‘ஜாவலின்’ என்ற பெயரில் பிரிட்டனில் 1947இல் ஜோவெட் நிறுவனத்தின் காரும், 1951இல் முதன்முதலாகப் பறந்த குளோஸ்டர் போர் விமானமும் வந்தன. அமெரிக்காவின் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைக்கும் அதே பெயர். இந்தியா தன் ஏவுகணை ஒன்றுக்குத் ‘திரிசூல்’ என்று பெயரிட்டது. குடும்பத்தை ஏற்றிச்செல்லும் காருக்கு ஏன் ஓர் ஆயுதத்தின் பெயர்? இது குழு விவாதத்திற்கு ஏற்ற கேள்வி.

மைதானத்தில்

ஆடவர் ஈட்டியின் எடை 800 கிராம், மகளிருக்கு 600 கிராம். ஒலிம்பிக்கில் ஆடவர் ஈட்டி எறிதல் 1908இலும் மகளிர் போட்டி 1932இலும் சேர்ந்தன. டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து நீரஜ் தங்கம் வென்றது 2021 ஆகஸ்ட் 7 அன்று.

அறிவியல் ஆசிரியருக்கு ஏற்ற நிகழ்வு 1984இல் நடந்தது. கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். இப்படியே போனால் மைதானத்திற்குள் இடம் போதாது என்ற அச்சம் எழுந்தது. மேலும், ஈட்டிகள் தட்டையாக விழுந்ததால் எறிதல் செல்லுமா என்பதிலும் தகராறு இருந்தது. 1986இல் ஆடவர் ஈட்டியின் புவியீர்ப்பு மையம் 4 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தப்பட்டது. முனை முதலில் தரையைத் தொட்டது, தூரமும் குறைந்தது. மகளிர் ஈட்டி 1999இல் மாறியது. இன்றைய ஆடவர் உலகச் சாதனை, செக் நாட்டு யான் ஜெலெஸ்னி 1996இல் எறிந்த 98.48 மீட்டர்.

தூரம் கூடிய ஈட்டியை விதி போட்டுக் குறைத்தது ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். எதிரே ஆள் இருக்கும்போது எறிந்தால் அது போர். எதிரே ஆள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே அது விளையாட்டு. இந்த விடையை மாணவர்களே கண்டடையட்டும்.

செயல்பாடுகள்

1. செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டுங்கள். முனையில் களிமண் உருண்டை வைத்து எறியுங்கள். பிறகு அதே உருண்டையை நடுவில் ஒட்டி எறியுங்கள். ஒவ்வொரு முறையும் விரலில் நிறுத்திப் புவியீர்ப்பு மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எது முனை குத்தி இறங்குகிறது? எது தட்டையாக விழுகிறது?

2. ஈட்டி விழும் பரப்பு, எறியும் திசையில் 1000க்கு 1 என்ற அளவுக்கு மேல் சரியக் கூடாது என்பது விதி. அதாவது 60 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர் மட்டுமே. கொத்தனார் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய டியூப்பைக் கொண்டு பள்ளி மைதானத்தின் சரிவை அளக்கலாம். மலையடிவாரப் பள்ளிகளில் விடை வியப்பளிக்கும். சரிவில் எறிந்த தூரத்தைச் சமதளத் தூரத்தோடு ஏன் ஒப்பிடக் கூடாது என்பதும் விளங்கும்.

3. எறியும் கோணம் 45 பாகையாக இருந்தால் அதிகத் தூரம் போகும் என்று படிக்கிறோம். வீரர்கள் பெரும்பாலும் 40 பாகைக்குக் கீழேயே எறிகிறார்கள். ஈட்டி தரையிலிருந்தன்றித் தோளுக்கு மேலிருந்து புறப்படுகிறது. தாழ்ந்த கோணத்தில் கூடுதல் வேகம் கொடுக்க முடிகிறது. காற்றும் அதைத் தாங்குகிறது. 9, 10ஆம் வகுப்பினர் இந்தக் காரணங்களை விளக்கப்படமாக வரையலாம்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

தொடக்க வகுப்புகளில் காகித ஈட்டி மட்டும் போதும். உலோக முனை ஈட்டியை உடற்கல்வி ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே எடுக்க வேண்டும். முனை கீழே இருக்குமாறு செங்குத்தாகப் பிடித்து நடக்க வேண்டும், ஓடக் கூடாது. எல்லாரும் எறியும் கோட்டுக்குப் பின்னால் வந்த பிறகே விசில் ஒலிக்க வேண்டும். எல்லாரும் எறிந்து முடித்து, மறு விசில் ஒலித்த பின்னரே எடுக்கச் செல்ல வேண்டும். தரையில் குத்திய ஈட்டியைப் பிடுங்கும்போது அதன் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சாரலில் தரை வழுக்கும் நாள்களிலும், மூடுபனியில் எல்லைக்கோடு தெரியாத காலை வேளைகளிலும் எறிதல் வேண்டாம். அன்று வகுப்பறைச் செயல்பாடு நடத்தலாம். போதிய மைதானம் இல்லாத மலைப்பகுதிப் பள்ளிகளில் மென்மையான ரப்பர் முனை ஈட்டியைப் பயன்படுத்தலாம்.

மதிப்பீடு

1. குத்தும் வேலுக்கும் எறியும் ஈட்டிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டைக் கூறுக.
2. 1986 மாற்றத்தால் ஈட்டி இறங்கும் விதம் எப்படி மாறியது? உங்கள் காகித ஈட்டியைக் கொண்டு விளக்குக.
3. உங்கள் ஊரில் வேல் உருவம் காணப்படும் மூன்று இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வோரிடத்திலும் அது எதைக் குறிக்கிறது என எழுதுக.
4. உங்கள் மைதானத்தில் ஈட்டி எறிதல் நடத்துவதானால், பார்வையாளர்களை எங்கே நிறுத்துவீர்கள்? படம் வரைந்து காரணம் எழுதுக.