மாத்திரை உட்கொண்டபின் பால்வினை நோய்ப் பரிசோதனை

பிறப்புறுப்பில் சீழோ எரிச்சலோ கண்டதும், கூச்சத்தால் மருந்துக்கடையிலேயே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி உட்கொண்டு, பின்னர் பரிசோதனைக்கு வருவோர் அச்சங்குளம் வட்டாரத்திலும் உண்டு. அம்மாத்திரை முடிவை மாற்றுமா என்பதை இங்கு விளக்குகிறோம்.

வெட்டை எனப்படும் கொனோரியா, கிளமிடியா ஆகியன பாக்டீரியாவால் வருபவை. அரைகுறை மருந்தால் கிருமிகள் குறைந்து, நோய் இருந்தும் ‘இல்லை’ என முடிவு வரலாம். அதை நம்பினால் வாழ்க்கைத்துணைக்கும் நோய் பரவும். மாறாக, குணமடைந்த பின்னும் இறந்த கிருமிகளின் எச்சத்தால், கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை சில வாரங்கள் ‘உண்டு’ எனக் காட்டலாம்.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி ஆகியவை வைரஸ்கள். அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை இம்மாத்திரைகள் மாற்றுவதில்லை.

ஆகவே, உட்கொண்ட மாத்திரையின் அட்டையை உடன் கொண்டுவந்து, உட்கொண்ட நாள்களையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டுகிறோம். மறுபரிசோதனைக்குரிய நாளை அவரே முடிவு செய்வார். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரங்கள் வெளியிடப்படா. ஆலோசனைக்கு 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.